சுவரைப் பார்த்த கோபன்ஹேகன்

அந்த இரண்டு படங்களை வரைய எனக்கு ஏழு மாதம் ஆனது. அவற்றைக் கவிழ்க்க ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அதுவும் என் வாயிலிருந்தே வந்தது. வாய்க்கொழுப்பு என்பான் என் கணவன் பிரெபென். அவன் சொல்வது பெரும்பாலும் சரியாக இருந்து தொலைக்கும். அதனால்தான் முப்பத்தைந்து வருடமாக அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் போடில் க்ராக். வயது அறுபத்தொன்று. கோபன்ஹேகனில் அமாகர் பக்கம் வீடு, வீட்டுக்குப் பின்னால் பட்டறை. நாற்பது வருடமாகப் படம் வரைகிறேன். என் படங்கள் எங்கே தொங்குகின்றன என்று கேளுங்கள். பல் டாக்டர்களின் காத்திருப்பு அறைகளில். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் என் படத்தை முறைத்துப் பார்ப்பான், உள்ளே கூப்பிட்டதும் மறந்துபோவான். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்க்கிற மாதிரி ஒரு பொதுச் சுவர் எனக்கு வாய்த்ததே இல்லை.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஸ்டாக்ஹோமிலிருந்து கடிதம் வந்தது. தெற்குப் பக்கத் தீவில் புதிதாக ஒரு வட்டார நூலகம் கட்டுகிறார்கள். உள்ளே நுழைந்ததும் எதிரே இருக்கும் பெரிய சுவர் எனக்கு. இரண்டு தலைநகரங்களை, கோபன்ஹேகனையும் ஸ்டாக்ஹோமையும், பக்கத்தில் பக்கத்தில் வரைய வேண்டும். கட்டடங்கள் வேண்டாம், அவை தபால் அட்டையில் கிடைக்கும். இரண்டு ஊர்களின் குணம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

ஒப்புக்கொள்ள எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் ஒரே மகள் ஆஸ்டா அந்த நூலகத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறாள். தினமும் வேலைக்குப் போகும்போது அதன் கண்ணாடி முகப்பைத் தாண்டித்தான் போவாள். உள்ளே என் படம் இருந்தால் அவள் தினமும் அதைப் பார்த்தே ஆக வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை, ஒன்றரை நாள்தான் எங்களைப் பார்க்க வருகிறாள். வந்தாலும் ஹோட்டலில் தங்குகிறாள். இதெல்லாம் நான் அந்தக் கடிதத்துக்குப் பதிலில் எழுதவில்லை. பிரெபெனிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டு ஊர்களின் குணம் என்றால் என்ன? எனக்கு யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. எங்கள் ஊரில் ஒருத்தரைப் பிடித்துப்போனால் கேலி செய்வோம். ரொம்பப் பிடித்தால் அவர் அம்மாவையும் சேர்த்துக் கேலி செய்வோம். நான் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போன அன்று கடைக்காரன், "என்ன போடில், புல் வெட்டுற மிஷினோட சண்டையா?" என்றான். "உன் ரொட்டியத் தின்னுதான் முடி கொட்டிப்போச்சு," என்றேன். இரண்டு பேருக்கும் அன்றைய நாள் நன்றாக இருந்தது. கோபன்ஹேகனில் யாராவது உங்களிடம் மரியாதையாகப் பேசினால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள், உங்கள் மேல் ஏதோ கோபம்.

ஸ்டாக்ஹோம்காரர்கள் வேறு ரகம். வாயைத் திறப்பதற்கு முன் நாலு தடவை யோசிப்பார்கள். திறந்து சொல்லிவிட்டால் சொன்னதுதான். எதிராளி சொன்னதையும் அப்படியே நம்புவார்கள். மருந்துக் கடையில், பாங்கில், சீஸ் விற்கிற இடத்தில்கூட நம்பர் சீட்டை எடுத்துக்கொண்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் நிற்பார்கள். நாங்கள் பேசினால் வாயில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிறோம் என்பார்கள். ஒரு எழுத்தும் புரியாது அவர்களுக்கு. எழுதிக் காட்டினால் மட்டும் பாதிக்கு மேல் புரிந்துகொள்வார்கள்.

ஆகவே இரண்டு மேசைகளை வரைவதாக முடிவு செய்தேன். இடது படத்தில் கோபன்ஹேகன் மேசை. மதியச் சாப்பாடு. கறுப்பு ரொட்டி, ஊறப்போட்ட ஹெர்ரிங் மீன், ஸ்னாப்ஸ் சாராயக் குப்பி. பத்துப் பேர், பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஒருத்தி சிரித்துச் சிரித்து மேசைமேல் சாய்ந்துவிட்டாள், மேசைக்கடியில் நாய் மீனைத் தின்கிறது. வலது படத்தில் ஸ்டாக்ஹோம் மேசை. மூன்று மணிக் காபி. பத்துப் பேர், ஒருத்தர் மட்டும் பேசுகிறார், ஒன்பது பேர் கேட்கிறார்கள். ஒருத்தர் விரலைப் பாதி உயர்த்தித் தன் முறைக்காகக் காத்திருக்கிறார். தட்டில் கடைசி ஏலக்காய் பன். அதை எடுக்க யாருக்கும் துணிவில்லை, பாதியாக வெட்டி, பாதியைப் பாதியாக வெட்டி, இப்போது விரல் நகமளவு மிச்சமிருக்கிறது. பிரியத்தோடு செய்த கிண்டல்தான். அதைப் பார்க்கிற எந்த ஸ்வீடன்காரனும் சிரிப்பான் என்று நம்பினேன்.

மார்ச் மாதம் மாதிரிப் படங்களோடு ஸ்டாக்ஹோமுக்கு ரயிலேறினேன். கூட்ட அறையில் எட்டுப் பேர். தலைவர் யோஸ்தா, வெள்ளைத் தாடிக்காரர், நிதானமே உருவானவர். பக்கத்தில் குன்வோர், கலைப் பொறுப்பாளர், கையில் நோட்டும் பென்சிலும். மீதிப் பேர் நூலக ஊழியர்கள். காபி வந்தது, ஏலக்காய் பன் வந்தது.

"மொதல்ல, கூட்டக் குறிப்பச் சரிபாத்துக் கையெழுத்துப் போட ஒருத்தரத் தேர்ந்தெடுக்கணும்," என்றார் யோஸ்தா. "விருந்தாளிக்கே அந்தப் பொறுப்பக் குடுக்கலாமே. போடில், சம்மதமா?"

ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டினேன். எங்கள் ஊரில் கூட்டக் குறிப்பு என்று ஒன்று இருந்தால் அதில் யார் தாமதமாக வந்தார், யார் பீரைக் கொட்டினார் என்றுதான் இருக்கும்.

மாதிரிப் படங்களை விரித்தேன். எட்டுப் பேரும் காபியைக் கலக்கினார்கள். ஒருத்தர்கூடச் சர்க்கரை போட்டிருக்கவில்லை.

"சுவாரசியமா இருக்கு," என்றார் ஓர் ஊழியர்.

"ரொம்ப சுவாரசியமா இருக்கு," என்றார் அடுத்தவர்.

வரிசையாக வந்தது. நிஜமாகவே வரிசையாக, மேசையைச் சுற்றி வலமாக. எட்டு சுவாரசியம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிடிச்சிருக்கா, பிடிக்கலையா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்களேன்," என்றேன்.

"அவசரமில்ல போடில்," என்றார் யோஸ்தா. "எல்லாரும் யோசிக்கட்டும். அப்புறமா எழுத்துல கருத்துக் கேப்போம்."

"எத்தன பேருகிட்ட?"

குன்வோர் விரல்விட்டு எண்ணினாள். "ஊழியர்கள், வாசகர் குழு, கட்டடப் பிரிவு, பக்கத்து முதியோர் இல்லம். அவங்களும் இந்த வழியாத்தான் நடக்கப் போவாங்க."

"நடக்கிறவங்க எல்லாருகிட்டயுமா கேப்பீங்க?"

"கேட்டா நல்லதுதானே," என்றாள் குன்வோர். அவள் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அந்த வாக்கியம் அப்போதுதான் வந்தது.

"அவ்வளவு கஷ்டம் எதுக்கு? யாருக்காவது உறுத்தலா இருந்தா படத்தச் செவுத்தப் பாக்கத் திருப்பி மாட்டிடுங்க. செவுருக்காவது பிடிக்கும்."

கோபன்ஹேகனாக இருந்தால் யாராவது, "செவுரு என்ன பாவம் பண்ணிச்சு," என்றிருப்பார்கள். மூன்று பேர் சிரித்திருப்பார்கள், இறுக்கம் விட்டிருக்கும், வேலை முடிந்திருக்கும். இங்கே யாரும் சிரிக்கவில்லை. யோஸ்தா யோசனையோடு தலையாட்டினார். குன்வோரின் பென்சில் நோட்டில் ஓடியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் அது என்ன எழுதுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

கூட்டம் முடிந்ததும் ஆஸ்டாவுக்கு ஃபோன் செய்தேன். வந்து அழைத்துப் போகிறாயா, வெளியே எங்காவது சாப்பிடலாம் என்றேன்.

"ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் எனக்குச் சலவை நேரம்மா," என்றாள். "விட்டா அடுத்த நேரம் ஒம்பது நாள் கழிச்சுத்தான். நீ கீழ சலவை ரூமுக்கு வா."

நானூறு மைல் பயணம் செய்து வந்த அம்மாவைச் சலவை அறைக்கு வரச் சொல்கிறாள். போனேன், வேறென்ன செய்வது. கட்டடத்துக்கே பொதுவான நிலத்தடி அறை, இரண்டு இயந்திரங்கள், சுவரில் யாருக்கு எந்த நேரம் என்று அட்டவணை. அதன் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு, பெயர் போடாமல்: 'நேற்று யாரோ துணி உலர்த்தியின் பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் போயிருக்கிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது.'

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "இத எழுதினவன் எவ்வளவு நேரம் ஒக்காந்து எழுதியிருப்பான்? வருத்தமாம். நேரா போய்க் கதவத் தட்டித் திட்டத் தெரியாதா?"

"அது நான் எழுதினது," என்றாள் ஆஸ்டா.

அதற்குப் பிறகு இயந்திரம் சுற்றுவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த வருடம் கிறிஸ்மஸுக்கு வீட்டிலேயே தங்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு. "கிறிஸ்மஸுக்கு வர்றதா இருந்தா ஹோட்டல் புக் பண்ணிடு, நம்பர் சீட்டு தீந்துபோயிடப் போவுது," என்றேன்.

"பண்ணிட்டேன்," என்றாள் அவள், துணியை மடித்துக்கொண்டே.

எங்களுக்குள் என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினொரு வருடத்துக்கு முன், அவளுக்கு இருபத்திரண்டு வயது, ஸ்டாக்ஹோமில் வேலை கிடைத்திருக்கிறது என்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள். விருந்தாளிகள் இருந்தார்கள். நான், "நல்லதாப் போச்சு, உன் ரூம்ல கேன்வாஸ் அடுக்க எடம் கெடச்சுது," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்றுதான் ஞாபகம். அடுத்த வாரம் ஒரு வண்டியோடு வந்து, அறையில் இருந்த தன் பொருள் அத்தனையையும், சுவரில் குத்தியிருந்த ஊசிவரைக்கும் எடுத்துக்கொண்டு போனாள். ஸ்வீடன்காரி ஆகிவிட்டாள், கிண்டல் புரியவில்லை என்று பிரெபெனிடம் சொன்னேன். "போறதுக்கு முன்னாடியே ஸ்வீடன்காரி ஆயிட்டாளா?" என்று கேட்டான்.

ஊர் திரும்பி வேலையைத் தொடங்கினேன். பிரெபென் இரண்டு மரச்சட்டங்கள் செய்து கேன்வாஸை இழுத்துக் கட்டிக் கொடுத்தான். ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் அகலம். எனக்கு நாட்குறிப்பு எழுதுகிற வழக்கம் கிடையாது. காலையில் பட்டறைக்குள் நுழைந்ததும் படத்தின் பின்பக்கத்தில், சட்டங்களுக்கு நடுவில், தச்சன் பென்சிலால் நாலு வரி கிறுக்குவேன். எந்தச் சாயம் தீர்ந்தது, வெயில் எப்படி, யாரைத் திட்டத் தோன்றுகிறது, அவ்வளவுதான். கிறுக்கினால்தான் கை இளகும். படம் மாட்டியதும் பின்பக்கம் சுவரைப் பார்க்கும், யார் படிக்கப்போகிறார்கள்? எந்தப் பல் டாக்டரும் இதுவரை திருப்பிப் பார்த்ததில்லை.

ஏப்ரலில் ஸ்டாக்ஹோமிலிருந்து தடித்த உறை வந்தது. கூட்டக் குறிப்பு, பதினான்கு பக்கம், பொடி எழுத்து ஸ்வீடிஷ். சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பவும் என்று குன்வோர் எழுதியிருந்தாள். கையெல்லாம் நீலச் சாயம். முதல் பக்கத்தில் யார் யார் வந்திருந்தார்கள், இரண்டாம் பக்கத்தில் காற்றோட்டம் பற்றி ஏதோ. தலை வலித்தது.

"படிச்சிட்டுப் போடு," என்றான் பிரெபென்.

"பன்னு எத்தன தின்னாங்கன்னு எழுதியிருப்பாங்க. நான் தின்னது மூணு. போதுமா?" என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டேன். ஓரத்தில் என் கட்டைவிரல் நீலமாகப் பதிந்தது.

ஜூனில் இன்னொரு உறை வந்தது. அதைத் திறக்கவே இல்லை. உறைமேல் கப்பை வைத்தேன், வட்டமாகக் கறை விழுந்தது. செப்டம்பரில் பிரெபென் வாடகை வேனில் படங்களை ஏற்றி, பாலத்தைத் தாண்டி, நாள் முழுக்க ஓட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

நூலகத் திறப்பு அக்டோபர் கடைசி சனிக்கிழமை, மதியம் ஒரு மணிக்கு. பிரெபெனுக்கு முதுகுப் பிடிப்பு, வரவில்லை. நான் மட்டும் வெள்ளிக்கிழமையே போய், சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் நூலக வாசலில் நின்றேன். நல்ல கோட்டு போட்டிருந்தேன். நாற்பது வருடத்தில் முதல் சுவர், போடமாட்டேனா?

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எதிர்ச் சுவரில் இரண்டு பெரிய செவ்வகங்கள், பழுப்பு நிறம். படத்தை இன்னும் மாட்டவில்லை, ஏதோ பலகை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளே போனேன். பிரெபெனின் மரச்சட்டங்கள் தெரிந்தன. அவன் மூலைகளில் அடித்த ஆணிகள் தெரிந்தன. என் படங்கள் இரண்டும் சுவரைப் பார்த்துத் தொங்கின. மேலே நான்கு விளக்குகள், அழகாக, துல்லியமாக, அந்தப் பின்பக்கங்களின் மேல் விழும்படி பொருத்தியிருந்தார்கள்.

அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். குன்வோர் சிரித்த முகத்தோடு வந்தாள்.

"எப்படி வந்திருக்கு போடில்? வெளக்கு சரியா இருக்கா? மூணு தடவ மாத்தினோம்."

"குன்வோர்," என்றேன். "என் படம் செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கு."

"ஆமா."

"ஆமாவா?"

"நீங்கதானே சொன்னீங்க." அவள் முகத்தில் முதல் தடவையாகக் குழப்பம் வந்தது. கைப்பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்துக் காட்டினாள். பதினொன்றாம் பக்கம். 'யாருக்காவது உறுத்தல் இருந்தால் படங்களைச் சுவர் பார்க்கத் திருப்பி மாட்டலாம் என்று ஓவியர் யோசனை தெரிவித்தார். சுவரின் விருப்பம் பற்றியும் குறிப்பிட்டார். குழு அவருக்கு நன்றி தெரிவித்தது.' பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள், அங்கே என் கையெழுத்து. ஓரத்தில் என் நீலக் கட்டைவிரல்.

"அது கிண்டல்," என்றேன்.

"கிண்டலா?"

"கிண்டல், குன்வோர். எங்க ஊர்ல கொழந்தைக்குக்கூடத் தெரியும்."

"நாங்க நாலு கூட்டம் போட்டுப் பேசினோமே," என்றாள் மெல்லிய குரலில். "படம் எல்லாருக்கும் பிடிச்சுது. ரெண்டு பேருக்கு மட்டும் அந்தப் பன்னு கொஞ்சம் உறுத்திச்சு. ஒத்துவராதவங்க ரெண்டு பேர் இருக்கும்போது எப்படி மாட்டுறது? அப்பதான் யோஸ்தா சொன்னாரு, ஓவியரே ஒரு வழி சொல்லியிருக்காங்களேன்னு. எல்லாருக்கும் சம்மதமா இருந்துது. ஆட்சேபம் சொல்ல உங்களுக்கு மூணு வாரம் குடுத்து லெட்டர் போட்டோம். பதில் வரல, அதனால உங்களுக்கும் சம்மதம்னு நெனச்சோம்."

கப்புக் கறை விழுந்த உறை. ஏழு மாதம். அந்த நாயின் மூக்கு நுனிக்கு மட்டும் இரண்டு நாள். சாய்ந்து சிரிக்கிற பெண்ணின் கழுத்துக்கு ஒரு வாரம். கோபன்ஹேகன் முழுவதும் ஒரு ஸ்வீடன் சுவரோடு மூக்கை உரசிக்கொண்டு கிடக்கிறது. கொடுமை என்னவென்றால் ஒருத்தரையும் திட்ட வழியில்லை. எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்கள். கழுத்தைப் பிடிக்க வேண்டுமானால் என் கழுத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

"திருப்புங்க," என்றேன். "இப்பவே. நானே ஏறித் திருப்புறேன், ஏணி எங்க?"

"அது முடியாது போடில். முடிவு எடுத்தாச்சு. ஆனா நீங்க இன்னிக்கு ஒரு யோசன குடுத்தா, அத எழுதி ஜனவரிக் கூட்டத்துல வச்சிடலாம். கண்டிப்பா பேசுவோம்." பிறகு தயங்கினாள். "ஒண்ணு சொல்லட்டுமா? மாட்டுறப்ப பின்னால இருந்த எழுத்த எல்லாரும் படிச்சோம். அதுக்கு அப்புறம்தான் எங்களுக்கு நிச்சயமே ஆச்சு, நீங்க வேணும்னுதான் அப்படிச் சொல்லியிருக்கீங்கன்னு. பன்னு உறுத்துதுன்னு சொன்ன ரெண்டு பேர்ல ஒருத்தர் அழுதுட்டாரு."

எழுத்து. அதுவரை எனக்கு அந்த ஞாபகமே வரவில்லை. எழுந்து கிட்டே போனேன்.

மாட்டும்போது இடம் மாறி, கோபன்ஹேகன் வலது பக்கம் போயிருந்தது. அதன் முதுகில் ஒன்றும் மோசமில்லை. 'வெள்ளை தீர்ந்தது. பிரெபென் ராத்திரி முழுக்கக் குறட்டை. பக்கத்து வீட்டுக்காரன் மறுபடி இலை ஊதும் மிஷினை ஓட்டுகிறான், கொல்லப்போகிறேன்.' படிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பிறகு இடது பக்கம் வந்தேன். ஸ்டாக்ஹோமின் முதுகு. என் கையெழுத்து, கொட்டை எழுத்தில், நான்கு விளக்குகளின் அடியில்.

'ஏப்ரல் 4. மூன்றாவது நாற்காலியில் ஆஸ்டாவை உட்கார வைத்திருக்கிறேன். முகத்தை மூன்று தடவை சுரண்டி எடுத்தேன். கப்பை எந்தக் கையில் பிடிப்பாள் என்று தெரியவில்லை. சலவை அறையில் கவனித்திருக்க வேண்டும்.'

'மே 19. அவள் பிறந்தநாள். பிரெபென் ஃபோனில் பேசினான். பக்கத்தில் நின்றேன். என்னிடம் கொடு என்று கேட்க வாய் வரவில்லை.'

'ஜூன் 30. பட்டறையில் கால் வைக்க இடமில்லை. அவள் அறை காலியாகத்தான் கிடக்கிறது. பதினொரு வருடமாக ஒரு கேன்வாஸ்கூட அங்கே வைத்ததில்லை. வைக்கவும் மாட்டேன். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னேன்.'

இன்னும் கீழே இருந்தது. என்னால் படிக்க முடியவில்லை. ஊர் பார்க்க உடுப்பில்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. ஒரு மணிக்கு நூறு பேர் வந்து இதைப் பார்க்கப்போகிறார்கள். அதில் ஆஸ்டாவும் ஒருத்தி.

"இடது கை," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பினேன். ஆஸ்டா, மழைக் கோட்டோடு, கையில் சைக்கிள் சாவியோடு நின்றாள்.

"நான் கப்ப எப்பவுமே இடது கையிலதான் பிடிப்பேன். நீ வலது கையில வரஞ்சிருக்க."

"நீ எப்படிப் பாத்த? படம்தான் அந்தப் பக்கம்..."

"செவ்வாக்கிழம மாட்டிட்டு இருந்தாங்க. வேலைக்குப் போறப்ப உன் கையெழுத்து மாதிரி தெரிஞ்சுதேன்னு உள்ள வந்தேன். படிச்சேன். குன்வோர்கிட்டக் கேட்டேன், ரெண்டு பேர் பிடிச்சுத் திருப்பிக் காட்டினாங்க." சைக்கிள் சாவியைக் கோட்டுப் பையில் போட்டாள். "புதன்கிழமையும் வந்தேன். நேத்தும்."

சொல்ல நிறைய இருந்தது. வழக்கம்போல ஒரு கிண்டல்தான் முதலில் நாக்கு நுனிக்கு வந்தது. நாலு நாள் ஓசியில் படித்திருக்கிறாய், நூலகச் சீட்டு வாங்கினாயா என்று. விழுங்கினேன். அறுபத்தொரு வருடத்தில் நான் விழுங்கிய முதல் கிண்டல் அதுவாகத்தான் இருக்கும், குத்திக்கொண்டே உள்ளே இறங்கியது.

"நான் அன்னைக்குச் சும்மா சொன்னேன் ஆஸ்டா. ரூம் விஷயம்."

"எனக்குத் தெரியாதே அம்மா. நீ சொன்ன, எல்லாரும் சிரிச்சாங்க. நான் அப்படியே எடுத்துக்கிட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "சின்ன வயசுலேர்ந்தே நீ சொல்றத எல்லாம் அப்படியேதான் எடுத்துக்குவேன். நீ கவனிச்சதில்ல."

குன்வோர் கொஞ்சம் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டி, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பிறகு மெதுவாக வந்து, "போடில், ஜனவரிக் கூட்டத்துக்கு என்ன எழுதிக்கட்டும்? படத்தத் திருப்பணும்னா?" என்றாள்.

நான் அந்த இரண்டு முதுகுகளையும் பார்த்தேன். எனக்கு என் மேசைகள் வேண்டும். என் நாய் வேண்டும், சிரிக்கிற பெண் வேண்டும், அந்த விரல் நகமளவு பன் வேண்டும். இதை எழுதும்போதும் வேண்டும். நாற்பது வருடம் காத்திருந்து கிடைத்த சுவர் என் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"நீ என்ன சொல்ற?" என்று ஆஸ்டாவைக் கேட்டேன்.

அவள் ஸ்டாக்ஹோம்காரி போல யோசித்தாள், ரொம்ப நேரம். நான் கோபன்ஹேகன்காரி போல அவசரப்படுத்தாமல் இருக்கப் படாத பாடு பட்டேன்.

"நான் தெனமும் இந்த வழியாத்தான் போறேன்," என்றாள்.

"இப்படியே இருக்கட்டும்," என்றேன் குன்வோரிடம். "எழுதிக்கோங்க."

குன்வோர் பென்சிலை எடுத்தாள். எழுதுவதற்கு முன் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "இது கிண்டல் இல்லையே?"

"இல்ல. இன்னொண்ணும் எழுதுங்க. வீட்டுல ஆஸ்டாவோட ரூம் காலியா இருக்கு. கிறிஸ்மஸுக்கு அவ அங்கதான் தங்கணும். ஹோட்டல்ல இல்ல."

பென்சில் நின்றுவிட்டது. "அது நூலகக் குழுவுக்குச் சம்பந்தப்பட்டது இல்லையே, போடில்," என்றாள் மிகுந்த வருத்தத்தோடு.

"எழுதுங்க," என்றாள் ஆஸ்டா. "சரிபாக்க ஒருத்தர் வேணுமில்ல? நான் பாக்கிறேன்."

குன்வோர் எழுதினாள். நோட்டை ஆஸ்டா வாங்கினாள், இரண்டு வரியையும் விரல் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள், இடது கையால்.